212ஆம் வரி

வெல்ட் கீயில், ஒரு காலம் கிராம்பு மூட்டை அடுக்கிய கிடங்கில்
ஐந்து இரவுகள் ஓபரா.
பாடுவது ஆங்கிலம். திரையில் மூன்று மொழி:
மேலே மலாய், நடுவே சீனம்,
அடியில், நெரிசல் பஸ்ஸில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தாற்போல், தமிழ்.
பொத்தானை அழுத்துவது என் வேலை.
ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி.

கதை எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு பெயரில் இருப்பதுதான்.
தெய்வம் பிள்ளையைக் கேட்கிறது.
தகப்பன் சரி என்கிறான்.
தெய்வத்துக்கு எட்டுப் பெண்களின் குரல்.
தகப்பன் ஈப்போக்காரர், பகலில் வங்கிக் கடன் பிரிவு;
மலையடியில் அவர் செருப்பைக் கழற்றும்போது
முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும்.
தாய்க்கு ஒரு ஸ்வரம்கூட இல்லை.
முதல் காட்சியில் துணி மடிப்பாள்.
அவ்வளவுதான்.

பிள்ளை ஜெரோம், பத்து வயது.
துறைமுகப் பலகைகளை அடுக்கிய பீடத்தில்
கண்மூடிக் கிடப்பான்.
கத்தி உயரும்.
பதினோரு ஆவர்த்தனம் மௌனம்.
212ஆம் வரி, வெற்று.
அந்த வெறுமைக்கும் நான்தான் அழுத்தவேண்டும்.
வெளியே ஃபெர்ரி ஊதும்,
சில இரவு சுதி சுத்தமாய்.

அவன் அம்மா பிலோமினாவுக்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை.
ஐந்து ஷிப்டை மாற்றிக்கொண்டு
இரண்டு ஞாயிறுகளை ஈடு கொடுத்து
மைலோ பாக்கெட்டோடு திரைக்குப் பின்னால் நிற்பாள்.
கத்தி உயரும்போதெல்லாம்
அவள் வலக்கால் அரையடி முன்னே வரும்.
பிறகு தானாய்ப் பின்னே போகும்.
அட்டைக் கத்தி.
வெள்ளித்தாள் ஒட்டியதே அவள்தான்.

கடைசி இரவு இடைவேளையில்
212ஐத் திறந்து அவசரமாய்த் தட்டினேன், தமிழில் மட்டும்.
இயக்குநருக்குத் தமிழ் தெரியாது.
படிக்கத் தெரிந்தவர் அரங்கில் இருபது பேர் இருந்தால் அதிகம்.

கத்தி உயர்ந்தது. அழுத்தினேன்.

அம்மாவிடம் யாரும் கேட்வில்லை

பதினோரு ஆவர்த்தனம் அது அங்கேயே நின்றது.
ஃபெர்ரி ஊதவில்லை.
எங்கோ ஒருவர் இருமினார், இருமல்தானா தெரியாது.
அப்புறம் எட்டுப் பெண்களும் 'போதும்' என்று பாட
213க்குப் போனேன்.

திரை மெல்லிய துணி.
பின்னால் நிற்பவர்களுக்கு
எழுத்தெல்லாம் வலம் இடமாய்த் தெரியும்.

கைதட்டல் ஓய்ந்து, விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
பீடத்தில் உட்கார்ந்து ஜெரோம் மைலோ உறிஞ்சினான்.
பிலோமினா கத்தியிலிருந்து வெள்ளித்தாளை உரித்தபடி
நிமிராமல் சொன்னாள்:
"கேட்கவில்லைல ஒரு 'க' காணோம்க்கா."