ஐந்து குவாட்டர்

ஆறாம் எண் உலர்த்திக்குள் துணி இல்லை.
காசு மட்டும் போடுகிறேன்.
ஒரு குவாட்டருக்கு ஏழு நிமிடம்,
ஐந்துக்கு முப்பத்தைந்து.
வெறும் சூட்டைச் சுழற்றிக்கொண்டு
அது எனக்காக மணி பார்க்கிறது.

மைல்ஸ் சிட்டி. சனிக்கிழமை இரவு.
சலவைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து
ஏ.சி.டி. ஒரு தட்டிலும்
எஸ்.ஏ.டி. ஒரு தட்டிலுமாக
எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.
எந்தக் கல்லூரிக்கும் எதுவானாலும் சம்மதமாம்.
சம்மதம் சொல்கிறவர்களுக்கு
செலவொன்றும் இல்லை.

முதல் ஐந்து காசு.
பழைய புத்தகத்தில் நாற்பது கேள்விகள்.
கலங்கரை விளக்கம் பற்றி ஒரு பகுதி,
புளித்த மாவு பற்றி ஒன்று,
வயலின் வாசிக்கும் ஒருத்தியைப் பற்றி ஒன்று.
எதுவும் கடினமில்லை, எதற்கும் நேரமில்லை.
அவள் தங்கை அந்தக் கடிதத்தை ஏன் கிழித்தாள்?
எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.
அதற்கு மதிப்பெண் கிடையாது.
முப்பத்தோராம் கேள்வியில் டிரம் நின்றது.
மிச்ச ஒன்பதுக்கும்
மூன்றாம் வட்டத்தையே கறுப்பாக்கினேன்.

"சில்லறை இருக்கா?"
எண்ணெய்க் கிணற்று மேலாடையோடு ரஸ்க் டால்கிரென்.
புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.
"ரெண்டுல எதை எழுதினீங்க?" என்றேன்.
"ரெண்டையும் எழுதல" என்று சிரித்து,
சோப்புத்தூளைக் கொட்டிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஐந்து காசு.
இருபத்திரண்டே கணக்குகள்.
ஒவ்வொன்றும் ஒரு கதவு,
இழுக்கணுமா தள்ளணுமா என்று எழுதாத கதவு.
பதினான்காவதன் முன்னால்
பத்து நிமிடம் நின்றேன்.
திறந்தபோது
உள்ளே ஒன்றுமில்லை, எக்ஸ் சமம் பூஜ்யம்.
அவ்வளவு சந்தோஷம்.

மாற்று அட்டவணையில் விரல் ஓட்டினால்
இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன,
நூலிழை முன்பின்னாக.
அட்டவணை கைவிரித்துவிட்டது.

திருமதி ஓகர்லண்ட் கைவிரிக்கவில்லை.
"முதலாவது நம்ம பள்ளிக்கூட உள்ளரங்கத்துலயே,
காசு வாங்காம.
இன்னொன்று பில்லிங்ஸ்ல.
நூற்று நாற்பத்தைந்து மைல்.
யோசி."
எங்கள் ஊர்ப் பெயரிலேயே மைல் இருக்கிறது;
யாரும் எங்களை ஏமாற்றவில்லை.
பிரென்னா உள்ளரங்கத்தைத் தேர்ந்தெடுத்தாள்.
அவள் கேள்வியைப் படிக்கும்போதே
கை விடைக்குப் போய்விடும்.
அது பொய்யான திறமை இல்லை.
எனக்கு வாய்க்காதது, அவ்வளவே.

எலாஸ்டிக் வைத்த படுக்கை விரிப்பை மடிக்க
எனக்கு நாலு நிமிடம் ஆகும்.
முதலாளி திட்டுவார்.
ஆனால் நான்கு மூலையும்
ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அப்படி ஒன்றை மடித்து வைத்துவிட்டு
பில்லிங்ஸ் என்று பதிவு செய்தேன்.
பணம் அம்மாவின் அட்டையிலிருந்து.
குவாட்டர்களாகவே திருப்பித் தந்தேன்,
இருநூற்று எழுபத்திரண்டு.
அம்மா எண்ணவில்லை.
கையால் தூக்கிப் பார்த்து,
"தலைகாணிக்கு ஆகும்" என்றாள்.

டிசம்பர். விடிகாலை நாலு மணி.
முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்து
சீருடையோடு பக்கத்து இருக்கையில் அம்மா.
ஃபோர்சைத் வருமுன்னே தூங்கிவிட்டாள்.
ஹீட்டர் வேலை செய்யாத பிக்கப்.
லாரிகள் பனித்தூளை முகத்தில் வீசிவிட்டுப் போயின.
ஓரமாக யெல்லோஸ்டோன் ஆறு,
ஓடுகிறதா உறைந்துவிட்டதா என்று
இருட்டில் தெரியவில்லை.
வேகத்தைக் கூட்டலாம் என்று நினைத்தேன்.
கூட்டவில்லை.

கடைசிக் கணக்கை முடித்தபோது
திரையின் மூலையில்
நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது.
சரியோ தவறோ.
ஜன்னலுக்கு வெளியே வண்டி.
பெட்ரோலுக்காக என்ஜினை அணைத்துவிட்டு
போர்வைக்குள் அம்மா.
கண்ணாடியில் அவள் மூச்சு
வெள்ளையாக ஏறி, மெல்லக் குறைந்து, மறுபடி ஏறியது.

நான்கு நிமிடம்.
அரைக் குவாட்டருக்குச் சற்று மேலே.
அதைக் கொண்டு ஒன்றும் செய்யாமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.