விடுதலைப் பத்திரம்

பத்திரத்தில் முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கமில்லை.
"மேற்படி சொத்தானது" என்று தொடங்கினால்
கிழக்கே வண்டிப்பாதைக்கும்
மேற்கே பொதுச்சுவருக்கும்
வடக்கே சாத்தப்பன் வகையறா மனைக்கும் போய்த்
தெற்கே திரும்பி
நாலாம் பக்கத்தில்தான் வாக்கியம் ஓயும்.
பத்தொன்பது வருஷம் அப்படி எழுதிய கை.
அந்தக் கையோடுதான் இறங்கினேன்
கண்டனூர்க் குளிக்கிற ஊருணியில்,
மகனுடைய ஏழாம் நம்பர் பனியனில்,
நாற்பத்தாறு வயதில்.

டாக்டர் சொன்னது முழங்காலுக்கு.
வீட்டில் நான் சொன்னது முதுகுக்கு.
எனக்கு நானே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மிதக்கத் தெரியும். நாய் நீச்சல் தெரியும்.
ஃப்ரீ ஸ்டைல் போனில் பார்த்தது:
மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு,
ஒருமுறை வலம், ஒருமுறை இடம்.
நீல ஓடு பதித்த குளத்தில் ஒரு பெண்
தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டு போனாள்.

எனக்கு
ஒன்றில் வாய் மூடும்,
இரண்டில் கன்னம் உப்பும்,
மூன்றில் பங்காளி வழக்குப்போல நெஞ்சில் முட்டும்.
தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும்.
பாதி வாய் காற்று, பாதி வாய் செம்மண் தண்ணீர்.
எட்டாவது வீச்சில் நின்று
கல்லைப் பிடித்துக்கொண்டு இருமுவேன்.
படியில் துணி துவைக்கும் பிலோமினா
சோப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்:
"ஏங்க்கா இப்படி மூச்சு வாங்குது?"

வாங்குது.
அந்தச் சொல் ஆபீஸ்வரை கூடவே வந்தது.

அன்றைக்கு ஒரு விடுதலைப் பத்திரம்.
பினாங்கிலிருந்து வந்த வயிரவன் என்பவர்
வளவு வீட்டில் தமக்குள்ள வீசம் பங்கை
("ஒன்றரைத் தூண், முக்கால் சன்னல்" என்று அவரே சிரித்தார்)
தம்பி பேருக்கு விடுகிறார்.
இனிமேல் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை
என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப்
பேனாவை மூடி
நீளமாக ஒரு மூச்சு விட்டார்.
அதற்குப் பிறகு உள்ளே போன காற்றை
அவர் இழுக்கவில்லை.
அதுவாகப் போயிற்று.
எழுதியவர் என்ற இடத்தில்
என் பெயரைப் போட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள்
முகத்தைத் தண்ணீரில் வைத்ததுமே
விட ஆரம்பித்தேன்.
மூக்கால், கொஞ்சங் கொஞ்சமாக,
அடி தெரியும்வரை.
குமிழிகள் காதோரம் பேசிக்கொண்டு ஏறின.
ஒன்று, இரண்டு,
தலையைத் தூக்கவில்லை. தோளோடு கன்னம் திரும்பியது.
ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே.
வாயோரத்தில் தண்ணீர் சின்னதாய்க் குழிந்திருந்தது,
அந்தக் குழியில் காற்று,
புதுவயல் மில்லில் அவிகிற நெல்லின் வாசத்தோடு
எனக்கென்று எடுத்துவைத்ததுபோல்.

மூன்று எனக்கு ஒத்துவரவில்லை.
இரண்டுக்கு ஒன்று, எப்போதும் வலப்பக்கம்.
தாய்ப்பத்திரத்தை வலப்பக்கம் விரித்து
டைப் அடித்தே பழகிய கழுத்து
இடப்பக்கம் பாதியில் முறைத்துக்கொள்ளும்.
போனில் வந்த பெண் மன்னிக்கட்டும்.

போகையில் தெற்கெல்லை:
படித்துறை, நீல வாளி,
வாளி விளிம்பில் காக்கா,
காக்கா இல்லாத வாளி.
வருகையில் வடக்கெல்லை:
கருவேலம், கருவேலம், கவிழ்ந்த பலகை ஒன்று,
அதில் பாதி எழுத்துத்தான் தெரியும்,
அடுத்த மூச்சுக்குள் தாண்டிவிடும்.
எண்ணுவதை எங்கே விட்டேன் என்று தெரியாது.
சில நாள் மூச்சே ஞாபகமில்லை.
சில நாள் பழையபடி முட்டும்,
ஒரு மடக்கு செம்மண் இறங்கும்,
பிலோமினா சிரிப்பாள்,
நானும்.

போன வாரம் ஒரு கிரயப் பத்திரம்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் வரியில்
கை தானாக ஒரு புள்ளி வைத்திருக்கிறது.
சார்பதிவாளர் பேனாவால் தட்டி
ஏதோ கேட்டார்.
காதில் இன்னும் ஊருணி இருந்தது.
சரியாக விழவில்லை.