நிற்கக் கூடாத சாலை

மிட்ரோவின் நடமாடும் கடையில்
கறுப்பு ரொட்டிக்கும் தீப்பெட்டிக் கட்டுக்கும் நடுவே
எனக்கு இடம் கிடைத்தது.
மடியில் ஒலிப்பதிவுக் கருவி,
தார்த்து அருங்காட்சியகம் அச்சடித்துத் தந்த வினாப்பட்டியல்.
ஏழாம் கேள்வி:
உங்கள் இனத்தாரை எந்தப் பெயரால் குறிப்பிடுவீர்கள்?

"பொறு" என்றார்.
"பலகை வரட்டும்."

லுட்டெபாவுக்கும் செஸ்னிகிக்கும் இடையில்
எஸ்தோனியச் சாலை
ஒரு கிலோமீட்டர் ரஷ்யாவுக்குள் போய்த் திரும்புகிறது.
சாவடி கிடையாது, முத்திரை கிடையாது.
ஒரே விதி, வண்டி நிற்கக் கூடாது.
ஓரத்தில் காளான் பூத்திருந்தாலும் இறங்கக் கூடாது.
மூத்திரம் முட்டினாலும்.

இருபுறமும் அதே பைன் மரங்கள் என்று எழுதினேன்.
உடனே அடித்தேன்.
எல்லைக்கு வருகிற எல்லோரும்
முதலில் எழுதுகிற வரி அது.

பலகை வந்தது.
ஊறுகாய்ப் போத்தல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
"செட்டோ" என்றார்.
ஒருவரா, பலரா?
"பலர். உனக்குக் கேட்கலையா?"

கேட்கவில்லை.
அவர்கள் பேச்சில் பன்மை என்பது
சொல்லின் கடைசியில்
தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறப்பது.
நிற்கக் கூடாத சாலையில்
அது மட்டும் நின்றுவிட்டுப் போனது,
காவல் கோபுரத்துக்குத் தெரியாமல்.

ஒன்பதாம் கேள்வி: வெளிநாடு போனதுண்டா?
"இல்லை."
ஆண்டுதோறும் விசாவுக்கு வரிசையில் நின்று
அந்தப் பக்கம் போய்
அக்காவின் கல்லறைமேல் துணி விரித்து
அவித்த முட்டையும் மீனும் தின்று
அவளுக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டு வருகிறவர்.
"இல்லை" என்றே குறித்துக்கொண்டேன்.

தார்த்துவில் முப்பது முறை ஓட்டிக் கேட்டேன்.
போத்தல் சத்தம். கியர் மாறும் சத்தம்.
இரைச்சல் நீக்கும் மென்பொருள்
தொண்டை அடைத்த இடத்தையும் சேர்த்து நீக்கியிருந்தது.
பழைய பிரதியிலிருந்து தேடியெடுத்து
சொல்லின் தலைமாட்டில் சின்னதாய் ஒரு குறி போட்டேன்.
அச்சகத்தில் யாரோ
தூசி என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டார்கள்.

புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது
மிட்ரோ தன் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார்.
"நான் ஒருத்தன்தானா?" என்றார்.

பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் யாரோ மண்ணெண்ணெய் கேட்க,
புத்தகத்தைத் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு
சில்லறை எண்ணப் போனார்.