கறள் கறுக்கும் நேரம்

மருந்துப் போத்தலில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
கறள் இல்லாத இரும்பில் பூசவேண்டாம்.
சுத்தமான தகட்டில் இது பிடிக்காது,
பால்போல வழிந்து பிசுபிசுத்து நிற்கும்.
தின்னக் கொஞ்சம் சிவப்பு வேணும் அதுக்கு.

கூழாவடி தாண்டி என் கராச்சில்
நாலு கல்லில் ஏறி நிற்கிறது மொறிஸ் மைனர்.
பச்சை. காரைநகரில்
கடலுக்கு முதுகு காட்டியே எட்டு வருசம் நின்றதாம்.
வாங்கினவ நேசரூபி, வங்கியில் வேலை,
விலையை மட்டும் சொல்லமாட்டா.
"இனிக் கறள் திரும்பி வரக்கூடாது அண்ணை"
என்றா.
தலையாட்டினேன், கறளிடம் கேட்காமல்.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது.
சுத்தியலின் பின்பக்கத்தால், மெல்ல.
நல்ல தகடு ணங் என்னும்.
கெட்டது
நனைந்த மட்டையில் தட்டினதுபோல
ஒன்றும் சொல்லாது.

இடப்பக்கக் கதவடித் தகடு ஒன்றும் சொல்லவில்லை.
கெவின்ராஜ் கிரைண்டரைப் பிடித்தான்.
பொறி வரவில்லை, புகை வந்தது,
பிறகு ஒரு கட்டி கழன்று விழுந்தது:
தார், சீமெந்து, சவர்க்காரம்,
நடுவில் மடித்த பேப்பர்.
ஒரு பக்கம் பாதி மரண அறிவித்தல்,
மறுபக்கம் மண்ணெண்ணெய்ப் பங்கீடு.
"எந்த மோடன்ர வேலை?" என்று சிரித்தான் பெடியன்.

தாரில் ஒரு பெருவிரல் அழுத்தின பள்ளம்,
குறுக்கே ஒரு வெட்டு.
என் விரலை நான் பார்க்கவில்லை.
பார்க்கத் தேவையில்லை.

தொண்ணூற்றி மூன்று.
அப்ப இது சாம்பல் நிறம்,
பச்சை எனக்குப் பிறகு வந்த ஆரோ அடிச்சது,
அதுதான் வந்த அன்று முகம் பிடிபடேல்லை.
வெல்டிங் கம்பி இல்லை, கரண்ட் இல்லை,
தகடு என்றால் கூரைத் தகடுதான்.
கொண்டுவந்த மனிசன், வில்வராசா என்று நினைவு,
"தாங்குமோ?" என்று கேட்டார்.
"தாங்கும்" என்றேன்.
சாமான் இல்லாத காலம், அது உண்மை.
உள்ளே கறளைச் சுரண்டாமல் மூடினதும் உண்மை,
சுரண்டக் கம்பித்தூரிகை இருந்தது,
பின்னேரமாகியிருந்தது.

மூடின இடத்தில் தண்ணி முப்பது வருசம் குடியிருந்தது.
வாடகை கேட்க ஆளில்லை.

அழுகினதை வெட்டினேன். புதுத் தகடு வைத்தேன்.
மிச்சத்தைத் தூரிகையால் தேய்த்து,
உப்புப் போகக் கழுவி, காயவிட்டு,
மருந்தை மெல்லிசாய்ப் பூசினேன்.
சிவப்பு முதலில் ஊதாவானது,
வாழைப்பூ நறுக்கின கத்திபோல,
பிறகு கறுப்பு.
கெவின் போனில் படம் எடுத்தான்.
கறுக்காத சில இடங்கள் இருந்தன,
அங்கே திரும்பவும்.

கார்த்திகை மழை. காற்றே ஈரம்.
நேசரூபி எடுத்தா: "ஞாயிறு தேவாலயத்துக்கு வேணும்,
இன்றைக்கே பெயின்ற் அடிக்கேலாதோ?"
"ஏலாது" என்றேன்.
முப்பது வருசம் பிந்தி
அந்தச் சொல் வாயில் கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் வந்தது.

சனி பின்னேரம் நேரில் வந்தா, கோபத்தோடு.
மேசையில் கிடந்த தார்க்கட்டியைக் கண்டா.
"இதென்ன?"
கெவின்ராஜ் என் கையைப் பார்த்தான்,
அவனுக்கு எப்பவோ தெரிந்துவிட்டது போல.
"நான்தான்" என்றேன். "அந்த மோடன்."

கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
தன் பெருவிரலைப் பள்ளத்தில் வைத்தா,
பள்ளம் பெரிசு.
"வண்டி இவ்வளவு நாள் ஓடித்தானே இருக்கு"
என்றது ஆறுதலோ கணக்கோ தெரியாது.
பிறகு அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டா.
ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை, வெயில் கண்ட பிறகு,
இரண்டு கை பிரைமர்.
தகட்டின் குழிக்குள் மெழுகு பீச்சினேன்.
தண்ணி வடியவென்று
அடியில் விட்ட துளைகளைக் குச்சியால் குத்திப் பார்த்தேன்,
அடைபட்டிருக்கவில்லை.

திறப்பைக் கொடுக்கும்போது சொன்னேன்:
இரண்டு வருசத்தால கொண்டு வாங்கோ,
திரும்பித் தட்டிப் பார்க்கவேணும்.

தாங்கும் என்று சொல்லவில்லை.
அவவும் கேட்கவில்லை.