கேட் மூடியிருந்தது

ஃபோன் அடிக்கும்.
நம்பர் சொல்வார்கள், திருப்பிச் சொல்வேன்,
நோட்டில் எழுதுவேன், கைப்பிடியைச் சுற்றுவேன்.
கொருக்குப்பேட்டையில் என் வேலை
மூடுவது.
திறப்பதும் நான்தான்.
அதற்காக யாரும் என்னை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

எட்டே முக்காலுக்குத் துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வரும்.
வந்தால் போகாது.
முன்னால் சிக்னல் விழவில்லையென்று
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும்.
இந்தப் பக்கம் மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ,
தண்ணி கேன் வேன், யூனிஃபார்ம் பிள்ளைகள்.
பெரிய பையன்கள் பெட்டிக்கடியில் நுழைவார்கள்.
விசில் ஊதுவேன்.
விசிலுக்கு நின்றால் பெல்லுக்குப் போக முடியாது,
அது அவர்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

யுவராணி குனிய மாட்டாள்.
இடுப்பில் தம்பி.
இந்தப் பக்கத்து அங்கன்வாடி கூரை இடிந்து பூட்டிக் கிடந்ததால்
அவனை அந்தப் பக்கம் விட்டுவிட்டுத்தான்
ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டும்.
"அண்ணா, மணி என்னா?"
சொல்வேன்.
"போச்சு" என்பாள்,
கோபமில்லாமல், கணக்குக்கு விடை சொல்வதுபோல.

அவள் தெருவுக்குத் தண்ணி லாரி ஏழரைக்கு.
ஏழு குடம், ஒரே ஆள்.
அம்மா மூணு மணிக்கே காசிமேட்டுக்குப் போயாச்சு.
இதை அவள் சொன்னதில்லை.
பாதி ஈரமான யூனிஃபார்ம் சொன்னது,
மீதியைக் கம்பியருகே காத்துநின்ற பெண்கள்.

மூன்று லேட் சேர்ந்தால் ஒரு ஆப்சென்ட் என்று
பள்ளியில் ஒரு கணக்கு.
ஒருநாள் கேட்டாள்: "எழுதிக் குடுங்கண்ணா."
பழைய நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துத்
தேதி போட்டு எழுதினேன்:
கேட் மூடியிருந்தது, 8.47 முதல் 9.21 வரை.
கையெழுத்தும் போட்டேன்.
மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.
சீல் இல்லையாம்.

அந்த டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை,
அவரும் ரெண்டு பஸ் மாறி வருகிறவர்.
என்னிடம் சிவப்புக் கொடி இருக்கிறது, பச்சைக் கொடி இருக்கிறது,
இரவுக்குக் கைவிளக்கு, பனிமூட்டத்துக்குத் தண்டவாளப் பட்டாசு.
சீல் இல்லை.
மேலே கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
என் மகளின் கான்வென்ட் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
குவார்ட்டர்ஸிலிருந்து ஆறு நிமிஷம்.

பொங்கலுக்குப் பிறகு யுவராணி வரவில்லை.
காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.
நைட் டியூட்டி மாறியபோதுதான் பார்த்தேன்,
காலை ஐந்தேகாலுக்கு, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில்
நாலு பெண்களுக்கு நடுவே, தலையில் துண்டு.
இறால் உரிக்கிற ஷெட்டுக்கு.
அந்த நேரத்தில் கூட்ஸ் கிடையாது.
ஆட்டோ வேகம்கூடக் குறைக்கவில்லை.

அந்த வருஷத்து நோட்டை எடுத்து
மூடியிருந்த நிமிஷங்களைக் கூட்டிப்பார்த்தேன்,
ஜூனிலிருந்து, பள்ளிக்கூட நாட்களை மட்டும்.
செப்டம்பர் பாதியில்
ஃபோன் அடித்தது.

பாலம் வருமென்று இரண்டுமுறை அளந்துவிட்டுப் போனார்கள்.
மஞ்சள் பெயிண்டில் ஒரு அம்புக்குறி
இன்னும் இருக்கிறது, சுவரைப் பார்த்து.

இந்த ஜூனில் ஒரு பையன் கம்பியருகே நின்றான்.
முதுகைவிடப் பெரிய பை,
வார் அறுந்து வேறு நிற நூலால் தைத்தது,
எனக்குத் தெரிந்த பை.
ஒண்ணாம் வகுப்பாம். தனியாகத்தான் போகிறானாம்.
கூட்ஸை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை.
பிறகு பையின் உள்ளறையில் கைவிட்டு
நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான்.
மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.
என் எழுத்து.

"அக்கா குடுக்கச் சொல்லிச்சு.
தேதி மட்டும் மாத்தணுமாம்."