பத்திரத்தில் இல்லாதது

திரு. வோண்ட்ராச்செக் அவர்களுக்கு,
சாவிகள் மின்மீட்டர் பெட்டிக்குள்.
கொதிகலன் தட்டினால்தான் எரியும், இடப்பக்கம், ஒரே தட்டு.
இவையெல்லாம் ஒப்பந்தத்தில் உள்ளன.
இல்லாதது ஒன்று
தோட்டத்தின் தெற்கு மூலையில் இருக்கிறது,
உங்கள் முழங்காலுக்குக்கூட வராது.

லீகோவெட்ஸ்.
பெயர் கேட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள்.
மலைச்சரிவின் குறுஞ்செடி,
சுண்ணாம்புக்கல் இடுக்கில்
யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்து பழகியது.

அந்தக் கற்களை ஷ்ட்ராம்பெர்க் குவாரியிலிருந்து
எட்டு நடையாகக் கொண்டுவந்தோம்
நானும் போர்ஷிவோயும்.
ஷ்கோடாவின் பின்பக்கம் தார்ச்சாலையை உரசியது.
ஆறாம் நடையில் சைலன்சர் கழன்றது.
கற்களைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்தோம்,
அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல்,
நடுவே ஒரு விரல் மணல்.
அந்த விரலளவில்தான் நட்டேன்.
"கல்லுக்கா தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று சிரித்தார்.
முதல் இரண்டு வருடம்
பார்க்க அப்படித்தான் இருந்தது.

உரம் வேண்டாம். கொழுத்தால் செத்துப்போகும்.
தண்டின் அடியில் ஈரம் தங்கக் கூடாது,
வால்நட் சருகுகளைக் கையால் பொறுக்குங்கள்,
வாருகோல் வேண்டாம்.
வருடத்துக்கு ஒருமுறை
இரண்டு கைப்பிடி சரளை.
பனி மூடினால் விட்டுவிடுங்கள், அது போர்வை.
பனி விழாத பிப்ரவரிதான் கொல்லும்.
வெயிலும் உறைகுளிரும் ஒன்றாய் அடிக்கும் நாட்களில்
ஊசியிலைக் கிளை இரண்டை மேலே சாத்துங்கள்.
கிறிஸ்துமஸ் மரத்தை அதுவரை எறியாதீர்கள்.

பூ முடிந்ததும் விரற்கடை அளவு நுனி நறுக்கலாம்,
கையுறை போட்டுக்கொண்டு.
பட்டை, இலை, சாறு எல்லாமே நஞ்சு.
மகளிடம் சொல்லிவையுங்கள்,
மணப்பதெல்லாம் தின்பதற்கல்ல.
நாயிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

பெயர்த்து நட முடியாது.
இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.
வேர் கயிறுபோல் கல்லுக்குள் எங்கோ போகிறது,
அறுந்தால் இன்னொன்று விடாது.
வக்கீல் அறையில்
பியானோ எனக்கு, கார் அவருக்கு,
பூனை பூனையின் இஷ்டம் என்று பிரித்தார்கள்.
இதை யாரும் கேட்கவில்லை.
அதனால் வீட்டோடு உங்களுக்கு.

நீங்கள் வீடு பார்க்க வந்தது மே ஒன்பது.
அந்த மூலையை டேப்பால் அளந்தீர்கள்,
மூன்று மீட்டர், அப்புறம் ஐந்தரை.
காருக்குக் கொட்டகை என்று ஊகித்தேன்.
வாயைத் திறக்கவில்லை,
விலை படிந்துகொண்டிருந்த நேரம்.
உங்கள் மகள்தான் பாதி வழியில் நின்றாள்,
"இங்கே யாரோ இருக்கிறார்கள்" என்றாள்.
அந்த வாசனை அப்படித்தான்,
ஆளுக்கு முன்னால் வந்துவிடும்.
இளஞ்சிவப்பை
அவள் பிறகுதான் பார்த்தாள்.

கொட்டகையை வடக்கில் போடுங்கள் என்று சொல்ல
எனக்கு உரிமை இல்லை.
வடக்கில் ஏழு மீட்டர் இருக்கிறது.
அளந்துவிட்டேன்.

இன்னொன்று, மறைக்காமல்:
இந்தச் செடி காரணம் சொல்லாமல் சாகும்.
பத்து, பன்னிரண்டு வருடம் பூத்துத் தள்ளும்,
ஏதோ ஒரு ஜூனில் ஒரு கிளை வாடும்,
வாரத்துக்குள் முழுதும்.
இதற்கு இது பதினோராம் வருடம்.
அப்படி நடந்தால்
நாம் செய்த பிழை எது என்று தேடாதீர்கள்.
நான் தேடியிருக்கிறேன், வேறு விஷயத்தில்,
இரண்டு குளிர்காலம்.

மேற்குப் பக்கக் கிளை ஒன்று
தாழ்ந்து ஒரு தட்டைக்கல்லுக்கு அடியில் போகும்.
கல்லை நகர்த்த வேண்டாம்.
போன ஆகஸ்டில் நான்தான் வளைத்து
அடிப்பட்டையை லேசாகக் கீறி மணலில் புதைத்தேன்,
வீடு கைமாறும் என்று
தெரியாமல் இல்லை.
செப்டம்பரில் தனக்கென்று வேர் விட்டிருக்கும்,
தாய்க்கிளையிலிருந்து அறுக்கலாம்.
ஒஸ்ட்ராவாவில் எனக்கு இப்போது நான்காம் மாடி,
ஒரு பால்கனி, அதில் ஒரு கல்தொட்டி, காலியாக.
ஏதாவது ஒரு ஞாயிறு வரட்டுமா?
கத்தி நான் கொண்டுவருகிறேன்.

ஸ்டிஸ்லாவா

பி.கு.
வீட்டின் அசல் பத்திரம் மேசையில், இரண்டாம் இழுப்பறை.
செடி பத்திரம்.