கை பட்டது

காற்று தெற்கிலிருந்துதான் வருகிறது,
அதற்காகத் தென்றல் என்று சொல்லிவிடாதே.
வாங்கனுயி ஆற்றுக்கு மேலே, இந்தக் குன்றுகளில்
தெற்கு என்றால் பனிக்கண்டம்.

கோர்ஸ் முட்புதருக்குள்ளிருந்து
காட்டாடுகளைப் பிடித்துத் தந்தவன் ராவிரி.
மூன்று நாய், ஒரு வலை, கிழிந்த காது ஒன்று.
காது அவனுடையது.
சமவெளிப் பால்பண்ணையில்
வெள்ளைக் கிடாக்கள் நாலு வாங்கினோம்.
வண்டியை விட்டு இறங்கவே கூசின,
புதுச்சட்டை மாப்பிள்ளைகள் மாதிரி.
முதல் குளிரில் இரண்டு செத்தன.
மற்ற இரண்டும் முள் தின்னப் பழகின.

மெர்வின் சட்டம் போட்டான்:
குளம்பு சீவக் கூடாது.
பூச்சி மருந்து கூடாது. கொட்டகை கிடையாது.
ஈனும்போது எவர் கையும் படக் கூடாது.
நிற்பது நிற்கட்டும்.

நோட்டு என் பொறுப்பு.
கட்டம் கட்டமாக எழுதுவேன்:
எண், தாய், எடை, கீழிமையின் நிறம்.
கடைசிக் கட்டம், கை பட்டதா.
முந்நூறு பெட்டையில் தொடங்கி
ஆறாம் ஆண்டில் நாற்பத்து மூன்று.
மிச்சம் லாரியில் போனது,
அல்லது பருந்துக்கு.

ஆகஸ்ட் இரவு. ஆலங்கட்டி மழை.
மெர்வின் டவுமருனுயில், பல் பிடுங்கப் போனவன்
ஆறு பெருகியதால் அங்கேயே தங்கிவிட்டான்.
வேலியோரம் இருநூற்றுப் பன்னிரண்டு
படுத்து எழுந்து படுத்துக்கொண்டிருந்தது.
மூக்கு தெரிந்தது. ஒரு குளம்பு தெரிந்தது.
இன்னொன்று உள்ளே மடிந்திருந்தது.

நானும் கால் முன்னே நீட்டி வந்தவள்தான்.
யாரோ ஒரு நர்ஸ் குதிரையில் ஆற்றைக் கடந்து வந்தாளாம்.
மெர்வினின் நோட்டில் எனக்கு இடமில்லை.

மோதிரத்தைக் கழற்றி வாயில் அடக்கிக்கொண்டேன்.
உள்ளே அப்படியொரு சூடு.
முழங்காலைத் தேடி, மடக்கி, கப்பென்று பிடித்து
முன்னே இழுத்தேன்.
தாய் கத்தவில்லை. பல்லை மட்டும் நறநறத்தது.
வழுக்கி விழுந்தது கிடாக்குட்டி.
தும்மியது.

கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

பன்னிரண்டு வாரத்தில் அதுதான் மந்தையிலேயே எடை.
தொடை இரண்டும் திரண்டு, இமை ரத்தச் சிவப்பு.
தரானக்கியிலிருந்து வந்தவர்
இனவிருத்திக்குக் கேட்டு, சொன்ன விலைக்கு
தண்ணீர்த்தொட்டி புதிதாகக் கட்டலாம்.
மெர்வின் நோட்டைப் புரட்டினான்.
கட்டத்தில் விரல் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை.

பேனாவில் மை இறுகிவிட்டது.
பென்சிலை எடுத்தேன்.
"அழியாததில் எழுது" என்றான்.

அந்தக் குட்டிக்கு ஒரு நாளும் மருந்து ஊட்டவில்லை.
மழையில்தான் வளர்ந்தது. ஒரு கால் மடிந்திருந்தது,
அவ்வளவுதானே.
அது தாய்வழிக் குற்றமா, அந்த இரவின் குற்றமா?
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
'ஆம்' என்று எழுதினேன்.

செவ்வாயன்று லாரி வந்தது.
தாயும் மகனும் சேர்ந்தே ஏறினார்கள்.
ஏறினார்கள் என்கிறேன், பார்.

பிறகு மேய்ச்சலுக்குப் போய் எண்ணினேன்,
நாற்பத்திரண்டு.
அந்தக் காற்றிலும் நின்று நிதானமாக
மஞ்சள் பூவோடு முள்ளையும் மென்றுகொண்டிருந்தன.
கூப்பிட்டேன்.
ஒன்றுகூடத் திரும்பவில்லை.
திரும்பாததாகப் பார்த்து, ஆறு வருடம்
பொறுக்கியெடுத்தவள் நான்.